பதினாறு பேர் வீடு திரும்பாத ஆட்டம்

1980 ஆகஸ்ட் 16. கொல்கத்தா ஈடன் கார்டன்ஸில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் கால்பந்து லீக் ஆட்டத்தில் மோதின. இரு தரப்பு ரசிகர்களும் ஒரே கேலரியில் கலந்து உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாம் பாதியில் எதிரெதிர் அணி வீரர்கள் இருவர் மைதானத்தில் முட்டிக்கொண்டார்கள். நடுவர் சிவப்பு அட்டையைக் காட்டினார். அதற்குள் கேலரியில் அடிதடி மூண்டுவிட்டது. தப்பிக்க ஓடியவர்கள் படிக்கட்டில் ஒருவர் மேல் ஒருவராக விழுந்தார்கள். சிலர் மேல்தளத்திலிருந்தே குதித்தார்கள். இறந்தவர்கள் 16 பேர்.

அந்த நாளை வங்காளம் கால்பந்து ரசிகர் தினமாக நினைவுகூர்கிறது. ஆண்டுதோறும் ரத்த தான முகாம் நடக்கிறது. நல்ல வழக்கம்தான். ஆனால் ரசிகர்களின் வெறியை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு நகர முடியாது. பரம வைரிகளான இரு அணிகளின் ஆதரவாளர்களை நடுவே தடுப்புகூட இல்லாமல் ஒன்றாக உட்கார வைத்தது ஏற்பாட்டாளர்களின் வேலை.

கால்பந்து மைதானச் சாவுகளின் வரலாறு முழுக்க இதே கதைதான். 1964இல் பெரு நாட்டின் லிமாவில் நடுவர் ஒரு கோலை மறுத்ததும் கூட்டம் கொந்தளித்தது. போலீஸ் கண்ணீர்ப்புகை வீசியது. படிகளில் இறங்கி ஓடியவர்களுக்குக் கீழே காத்திருந்தவை மூடிய இரும்புக் கதவுகள். முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் மூச்சுத் திணறி மாண்டார்கள். 58 ஆண்டுகள் கழித்து, 2022 அக்டோபர் 1 அன்று இந்தோனேசியாவின் காஞ்சுருஹான் மைதானத்தில் மறுபடியும் கண்ணீர்ப்புகை, மறுபடியும் வாசலில் நெரிசல். 135 உயிர்கள் போயின. மைதானத்துக்குள் கண்ணீர்ப்புகை கூடாது என்று ஃபிஃபாவின் பாதுகாப்பு விதி ஏற்கெனவே சொல்லியிருந்தது.

கிளாஸ்கோ நகரத்து ஐப்ராக்ஸ் மைதானத்தின் 13ஆம் எண் படிக்கட்டை மட்டும் சற்று நின்று பார்க்க வேண்டும். செங்குத்தான படிகள். இரு பக்கமும் உயரமான வேலி. இடறி விழுந்தால் ஒதுங்கக்கூட இடமில்லை. 1961இல் அதே படிக்கட்டில் இருவர் இறந்தார்கள். அதற்குப் பிறகும் அங்கே விபத்துகள் நடந்தன. 1971 ஜனவரி 2 அன்று ஆட்டம் முடிந்து இறங்கிய கூட்டத்தில் யாரோ சறுக்க, 66 பேர் நசுங்கி இறந்தார்கள். அன்றைக்குக் கலவரம் எதுவும் இல்லை. ரசிகர்கள் வீட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தார்கள். பத்து ஆண்டு எச்சரிக்கையைக் காதில் போட்டுக்கொள்ளாததன் விலை அது. பிரிட்டனில் 1975ஆம் ஆண்டு மைதானப் பாதுகாப்புச் சட்டம் அதற்குப் பிறகுதான் வந்தது. பெரிய மைதானங்களுக்குச் சான்றிதழ் கட்டாயமானது. எத்தனை பேரை உள்ளே விடலாம் என்பதற்கும் வரம்பு வந்தது. அப்படியும் 1989இல் ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ 97 பேரைப் பலிகொண்டது.

எத்தனை பேரை உள்ளே விடலாம் என்ற கணக்கு நம் பக்கத்துக்கும் வந்திருக்கிறது. கொச்சி கலூர் மைதானத்தில் ஐஎஸ்எல் ஆட்டங்களுக்கு அறுபதாயிரத்துக்கும் மேல் கூட்டம் கூடியதுண்டு. 2017இல் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை அங்கே நடந்தபோது, பாதுகாப்பு கருதி அனுமதியை முப்பதாயிரத்துக்கும் கீழே இறக்கினார்கள். டிக்கெட் கிடைக்காத மலையாளிகளுக்கு வருத்தம் இருந்திருக்கும், முடிவு சரியானதே.

சென்னைக்கு வருவோம். நேரு ஸ்டேடியத்துக்கு மேற்குப் புறநகரோடு நெருங்கிய தொடர்பு உண்டு. ஆவடி, அம்பத்தூரிலிருந்து வரும் மின்ரயில், ஸ்டேடியத்துக்கு அருகே, 1985இல் எரிந்துபோன மூர் மார்க்கெட் இருந்த இடத்தில் வந்து நிற்கிறது. பூந்தமல்லியின் பெயரைத் தாங்கிய நெடுஞ்சாலையும் அங்கேதான் வந்து சேர்கிறது. முன்பு கார்ப்பரேஷன் ஸ்டேடியமாக இருந்த இதை 1993இல் புதிதாக எழுப்பி நேரு கோப்பை கால்பந்தை நடத்தினார்கள். 2014 முதல் அது சென்னையின் எஃப்சி அணியின் சொந்த மைதானம். ஆட்டம் முடிந்ததும் கேலரி காலியானால் போதாது. அந்த ஆயிரக்கணக்கானோர் சாலையைக் கடக்க வேண்டும், பிளாட்பாரத்தில் நிற்க வேண்டும், கடைசி ரயில்களைப் பிடிக்க வேண்டும்.

வாசலுக்கு வெளியே நடப்பதையும் கணக்கில் எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை 2025 ஜூன் 4 காட்டியது. பெங்களூரு சின்னசாமி மைதானத்தின் வாசல்களில் 11 பேர் நெரிசலில் இறந்தார்கள்; கிரிக்கெட் வெற்றிக் கொண்டாட்டத்துக்கு வந்தவர்கள் அவர்கள்.

ஒவ்வொரு மைதானமும் எத்தனை பேரைத் தாங்கும், எத்தனை நிமிடத்தில் காலியாகும் என்பதை வாசலிலேயே எழுதி வைக்க வேண்டும். ஆட்டம் நடக்கும் நேரம் முழுக்க எந்த வெளிவாசலும் பூட்டியிருக்கக் கூடாது. டிக்கெட் வாங்கும் ரசிகர்கள் இதைக் கேட்டு வாங்க வேண்டும்.