கிழக்கு ஜேர்மனியின் சிறார் விளையாட்டு முறைமை: ஒரு வரலாற்று நோக்கு

1976ஆம் ஆண்டு மொன்றியல் நகரில் நடைபெற்ற ஒலிம்பிக் விழாவில், ஏறக்குறைய ஒரு கோடியே எழுபது இலட்சம் மக்களைக் கொண்ட கிழக்கு ஜேர்மனி 40 தங்கப் பதக்கங்களை வென்றது. ஐக்கிய அமெரிக்கா வென்றவை 34. எட்டு ஆண்டுகளுக்கு முன்னர் மெக்சிக்கோவில் அதே நாடு பெற்ற தங்கம் ஒன்பதே. இவ்வேற்றத்தைச் சமவுடைமையின் வெற்றி என்று ஒரு சாராரும் ஊக்கமருந்தின் விளைவு என்று மற்றொரு சாராரும் கூறி அமைவர். இரண்டும் வரலாற்றைச் சுருக்கிவிடும் கூற்றுகளே.

1949இல் தோன்றிய அவ்வரசைப் பல நாடுகள் நெடுங்காலம் அங்கீகரிக்கவில்லை. 1956 முதல் 1964 வரை அதன் வீரர் மேற்கு ஜேர்மனியருடன் ஒரே அணியாகவே ஒலிம்பிக்கிற் பங்குபற்றினர். தனக்கெனக் கொடியும் கீதமும் கொண்டு அது களமிறங்கியது 1972இலே, அதுவும் மேற்கு ஜேர்மனியின் மியூனிச் நகரிலே. தூதரகம் திறக்க முடியாதவிடத்து ஓட்டவீரன் தூதனாயினான். விளையாட்டுக்கு அவ்வரசு வாரி வழங்கியமைக்கு இதுவே முதற் காரணம்.

முறைமையின் அடித்தளம் பாடசாலை ஆகும். 1965இல் தொடங்கிய சிறார் ஸ்பார்ட்டாக்கியாட் போட்டிகள் கீழ்மட்டத்திலிருந்து படிப்படியாக உயர்ந்து, 1966இல் பேர்ளினில் நாடளாவிய கோடைகால இறுதிப் போட்டிகளாக நிறைவுற்றன. ஆயினும் போட்டிக்குத் தாமாக வரும் பிள்ளைகளை மட்டும் நம்பியிருத்தல் போதாதெனக் கருதப்பட்டது. எனவே 1973 முதல் ஒரே சீரான தெரிவுமுறை நடைமுறைக்கு வந்தது. தொடக்க வகுப்புச் சிறாரின் உயரம், நிறை, ஓட்டம், எறிதல் ஆகியன அளக்கப்பட்டன. தகுதியுடையோர் பாடசாலை முடிந்தபின் பயிற்சி நிலையங்களுக்கு அழைக்கப்பட்டனர். அவர்களுட் சிறந்தோர் விளையாட்டுக் கழகங்களோடு இணைந்த சிறார் இளைஞர் விளையாட்டுப் பள்ளிகளிற் சேர்க்கப்பட்டனர். அங்கே பாடநேரம் பயிற்சிக்கு இயைய வகுக்கப்பட்டது. வேண்டின் கல்வியாண்டு நீட்டவும் பட்டது. எதிர்பார்த்த முன்னேற்றம் காட்டாத பிள்ளை சாதாரணப் பாடசாலைக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. பயிற்றுநரோ லைப்சிக் நகரில் 1950இல் நிறுவப்பட்ட உடற்பண்பாட்டு உயர்கல்லூரியிற் பட்டம் பெற்றோர். எத்தொலைவான ஊரிற் பிறந்த பிள்ளைக்கும் தகுதிவாய்ந்த பயிற்றுநர் கிட்ட வழியிருந்தது என்பதை மறுத்தல் நேர்மையாகாது.

எனினும் இவ்வாய்ப்பு எல்லா விளையாட்டுக்கும் உரியதன்று. 1969இன் தீர்மானம் பதக்கம் மிகுதியாகத் தரக்கூடிய துறைகளையே பேணியது. பலர் கூடியாடி ஒரே பதக்கம் பெறும் கூடைப்பந்தாட்டம் முதலியன கைவிடப்பட்டன. பனி ஹொக்கியில் இரண்டே கழகங்கள் எஞ்சின. அவை 1970 முதல் 1990 வரை ஒன்றையொன்று மட்டுமே எதிர்த்து ஆடித் தேசியப் பட்டத்தைத் தீர்மானித்தன. விளையாட்டை மக்கள் உடைமை எனப் பறைசாற்றிய நாட்டில் இது வேடிக்கையன்றோ!

1974இல் ஊக்கமருந்துப் பயன்பாடு அரசின் இரகசியத் திட்டமாக ஒழுங்குபடுத்தப்பட்டது. பள்ளிகளில் வளர்ந்த சிறுமியரும் அதற்குத் தப்பவில்லை. பின்னாளில் அன்ட்ரியாஸ் கிரீகர் எனப் பெயர்பூண்ட ஹைடி கிரீகர், 14 வயதிற் பேர்ளின் விளையாட்டுப் பள்ளியிற் சேர்ந்து, 16 வயது முதல் நீலநிற மாத்திரைகளை விற்றமின் என நம்பி உட்கொண்டவர். 1986இல் ஐரோப்பியக் குண்டு போடுதற் பட்டம் வென்றவர். திறமையைத் தேடிக் கண்டமை இம்முறைமையின் குற்றமன்று. கண்டெடுத்த பிள்ளையிடமும் பெற்றோரிடமும் உண்மையை மறைத்தமையே குற்றம். மறைக்கவும் முடிந்தது ஏனெனில், பள்ளி, பயிற்றுநர், மருத்துவர் மூவரும் ஒரே அதிகாரத்துக்கே பதில்சொல்ல வேண்டியிருந்தது. பிள்ளைக்காகப் பேச வேறொருவரும் இருக்கவில்லை.

2000ஆம் ஆண்டு பேர்ளின் நீதிமன்றில் கிரீகர் சாட்சியளித்தார். 1961 முதல் 1988 வரை அந்நாட்டின் விளையாட்டுச் சம்மேளனத் தலைவராயிருந்த மன்பிரெட் ஏவால்ட் 22 மாத ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை பெற்றார். 2002இல் பாதிக்கப்பட்டோர்க்கு உதவும் சட்டமொன்று நிறைவேறியது. அப்பள்ளிகளுட் சில, போட்ஸ்டாம் நகரிலுள்ளது போன்றவை, ஒன்றிணைந்த ஜேர்மனியிலும் விளையாட்டுப் பள்ளிகளாகவே இயங்கி வருகின்றன.