கோலியோனாலும் ஃபோர்ஸ்கோலினும்: ஏற்பிசார் மருந்துத் தேடலின் வரலாற்றில் மருந்துக் கூர்க்கன்

ஆய்வுச் சுருக்கம்

செல் ஏற்பிகளின்மீது செயல்படும் மருந்துகளைக் கண்டறியும் சோதனைமுறைகளின் வரலாறு, பெரும்பாலும் மேலைநாட்டு ஆய்வகங்களின் வரலாறாகவே எழுதப்படுகிறது. அவ்வரலாற்றில் மருந்துக் கூர்க்கன் என்னும் செடியின் வேரிலிருந்து இந்திய ஆய்வகங்கள் இரண்டு பிரித்தெடுத்த சேர்மம் பெறும் இடத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. ஒரு சோதனைமுறை எதனைக் கேட்கிறதோ அதனையே காண்கிறது என்பது இதன் வழி நிறுவப்படுகிறது.

முதன்மைச் சொற்கள்: ஏற்பி, சலித்தாய்வு, மருந்துக் கூர்க்கன், ஃபோர்ஸ்கோலின், கோலியோனால்.

முன்னுரை

சேலம், தருமபுரி முதலிய மாவட்டங்களில் வேருக்காகப் பயிரிடப்படும் செடி மருந்துக் கூர்க்கன். உணவாகும் சிறுகிழங்கையும் கூர்க்கன் என்று அழைப்பதால், மருந்து என்னும் அடைமொழி இதனை வேறுபடுத்துகிறது. தாவரவியலார் இதனைக் கோலியஸ் ஃபோர்ஸ்கோலி என்று வழங்கினர். இன்று கோலியஸ் பார்பேட்டஸ் என்பர். இதன் வேரிலுள்ள ஃபோர்ஸ்கோலின், மருந்தாகப் பெற்ற பயன்பாட்டைக் காட்டிலும் மருந்து தேடும் கருவியாகப் பெற்ற பயன்பாடே பெரிது. அந்நிலை எவ்வாறு ஏற்பட்டது என்பதே இங்கு ஆய்வுக்குரியது.

ஏற்பியும் சலித்தாய்வும்

உடலில் மருந்து சென்று பற்றும் பொருள் ஒன்று உண்டு என்னும் கருத்தைக் கேம்பிரிட்ஜ் உடலியலாளர் லாங்லி 1905இல் முன்வைத்தார். அட்ரினலினுக்கு ஆல்ஃபா, பீட்டா என இருவகை ஏற்பிகள் உண்டென ஆல்குவிஸ்ட் 1948இல் கூறினார். பீட்டா ஏற்பியைத் தடுக்கும் புரோப்ரனலாலை ஜேம்ஸ் பிளாக் 1960களில் உருவாக்கினார். ஏற்பியை முன்கூட்டியே இலக்காகக் கொண்டு மருந்து தேடும் முறை இவ்வாறு வலுப்பெற்றது.

பல பொருள்களை ஒரே சோதனைக்கு உட்படுத்தி, பயன் தரக்கூடிய சிலவற்றைப் பிரித்தெடுப்பதே சலித்தாய்வு. இதில் மூன்று நிலைகளைக் காணலாம். முதலாவது, விலங்கிலோ அதன் தனித்தெடுத்த உறுப்பிலோ விளைவைக் காண்பது. இரண்டாவது, கதிரியக்கக் குறியிட்ட மூலக்கூறை ஏற்பியிலிருந்து சோதனைப்பொருள் வெளியேற்றுகிறதா என அளப்பது. மூன்றாவது, ஏற்பி தூண்டப்பட்டபின் செல்லினுள் எழும் சமிக்ஞையை அளப்பது.

இலக்னோவும் பம்பாயும்

1951இல் இலக்னோவில் தொடங்கப்பெற்ற மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம், இந்தியத் தாவரச் சாறுகளைப் பெருமளவில் சோதித்தது. அவ்வரிசையின் முதற்பகுதி 1968இல் வெளியாயிற்று. மருந்துக் கூர்க்கன் வேர்ச்சாறு இரத்த அழுத்தத்தைக் குறைப்பதையும் தசை இறுக்கத்தைத் தளர்த்துவதையும் 1970களில் அந்நிறுவனத்தார் கண்டனர். அதற்குக் காரணமான சேர்மத்திற்குக் கோலியோனால் என்று பெயரிட்டனர். அதே காலத்தில் பம்பாயில் ஹெக்ஸ்ட் நிறுவனத்தின் ஆய்வு மையத்தில் நோயல் டிசோசா குழுவினரும் இவ்வேரை ஆராய்ந்தனர். அவர்கள் பிரித்தெடுத்த சேர்மம் ஃபோர்ஸ்கோலின் எனப்பட்டது. இரு குழுவினரின் வேதியியல் அறிக்கைகளும் 1977இல் வெளிவந்தன.

முப்பரிமாண அமைப்பில் வேறுபட்ட இரு சேர்மங்களாக இவை முதலில் கருதப்பட்டன. இரண்டும் ஒன்றே என்பது 1985இல் வெளியான ஆய்வால் தெளிவாயிற்று. அதற்குள் உலக ஆய்விலக்கியத்தில் ஃபோர்ஸ்கோலின் என்னும் பெயரே நிலைத்துவிட்டது. ஆகவே கோலியோனால் என்னும் பெயரை விடுத்துத் தேடுபவர்க்கு இலக்னோவின் பங்களிப்பு கண்ணில் படுவதில்லை.

இலக்கு தெரியவந்தமை

இரு ஆய்வகங்களும் முதலில் கண்டது விளைவை மட்டுமே. அது உடலில் எங்கே செயல்படுகிறது என்பது அப்போது தெரியவில்லை. அட்ரினலின் பீட்டா ஏற்பியைப் பற்றும்போது, ஜி புரதம் வழியாக அடினைலைல் சைக்ளேஸ் என்னும் நொதி தூண்டப்படுகிறது. அந்நொதி சுழல் ஏஎம்பி என்னும் உட்செல் தூதுப்பொருளை உண்டாக்குகிறது. அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் சீமன், பேட்ஜெட், டேலி ஆகியோர், ஃபோர்ஸ்கோலின் ஏற்பியின் துணையின்றி இந்நொதியையே நேரடியாகத் தூண்டுகிறது என 1981இல் காட்டினர்.

இங்கு ஒரு வரலாற்று உண்மை புலனாகிறது. மருந்துக் கூர்க்கன் சாற்றைப் பீட்டா ஏற்பியின் பிணைப்புச் சோதனைக்கு மட்டும் உட்படுத்தியிருந்தால், ஃபோர்ஸ்கோலின் தப்பியிருக்கும். அது அவ்வேற்பியின்மீது அமர்ந்து செயல்படுவதன்று. சுழல் ஏஎம்பியை மட்டும் அளந்திருந்தால், ஏற்பித் தூண்டி என்று தவறாகக் கருதப்பட்டிருக்கக்கூடும். புரோப்ரனலால் சேர்த்த பின்னரும் விளைவு குறையாதிருப்பதும், அவ்வேற்பி இல்லாத செல்லிலும் விளைவு தோன்றுவதுமே அப்பிழையைக் களையும் சான்றுகள். இலக்கை அறியாத விலங்குச் சோதனையோ, இலக்கு எதுவாயினும் விளைவைப் பதிவு செய்தது. பழையது என ஒதுக்கப்படும் முறைக்கு இருந்த வலிமை இது. விளைவு எங்கிருந்து எழுகிறது என்று கூற இயலாமை அதன் குறை.

மருந்திலிருந்து கருவிக்கு

ஃபோர்ஸ்கோலின் நீரில் எளிதிற் கரைவதில்லை. நீரில் கரையும் வழிப்பொருளான கோல்ஃபோர்சின் டாரோபேட், இதயச் செயலிழப்பு மருத்துவத்தில் ஜப்பானில் பயன்பாட்டிற்கு வந்தது. ஆய்வகத்தில் அது பெற்ற இடமோ பரந்தது. ஃபோர்ஸ்கோலினைப் பிணைத்த பத்தியின் துணையால் அடினைலைல் சைக்ளேஸ் 1980களில் தூய்மைப்படுத்தப்பட்டது. அந்நொதியின் வினையூக்கப் பகுதி ஃபோர்ஸ்கோலினுடன் சேர்ந்த நிலையில் 1997இல் படிக அமைப்பாக வெளியிடப்பட்டது.

சலித்தாய்வில் அதன் பயன் தனித்தன்மை உடையது. ஓப்பியாய்டு ஏற்பிகள், கன்னாபினாய்டு ஏற்பிகள் போன்றவை தூண்டப்படும்போது சுழல் ஏஎம்பியைக் குறைக்கின்றன. இயல்பிலேயே குறைவாக உள்ள ஒன்று மேலும் குறைவதை அளத்தல் அரிது. எனவே செல்லில் முதலில் ஃபோர்ஸ்கோலின் இட்டு அவ்வளவை உயர்த்துவர். பின்னர்ச் சோதனைப்பொருளால் அது எவ்வளவு தாழ்கிறது என அளப்பர். நொதியையே நேரடியாகத் தடுக்கும் பொருளும் இதே தாழ்வைக் காட்டும் என்பதால், ஏற்பி இல்லாத செல்லில் சரிபார்ப்பு இன்றியமையாதது. 384 அல்லது 1536 குழிகள் கொண்ட தட்டுகளில் நிகழும் இன்றைய சோதனைகளிலும் இம்முறை தொடர்கிறது.

முடிவுரை

ஏற்பியைத் தவிர்த்துச் செயல்படும் ஒரு சேர்மம் ஏற்பிகளை ஆராயும் கருவியானது. அதனை முதலில் வெளிக்கொணர்ந்தவை ஏற்பியை இலக்காகக் கொள்ளாத சோதனைகள். மருந்துக் கடைக்குச் சென்று சேர்ந்தவற்றை மட்டும் வெற்றி எனக் கணக்கிடும் அறிவியல் வரலாறு இத்தகைய பங்களிப்பைத் தவறவிடும். மூலிகை ஆய்வு வரலாற்றை எழுதுவோர், ஒரு சாறு பயனற்றதாக விலக்கப்பட்டமையைப் பதிவு செய்யும்போது, எந்தச் சோதனையில் விலக்கப்பட்டது என்பதையும் பதிவு செய்தல் வேண்டும். அவ்வாறே ஒரு சேர்மத்திற்கு வழங்கிய எல்லாப் பெயர்களையும் தேடிச் சேர்த்தல் வேண்டும். கோலியோனால் என்னும் மறைந்த பெயர் அத்தேவையை உணர்த்துகிறது.