திருச்சி சுருட்டு: பெயர் ஓரிடம், இலை ஓரிடம்

ஆங்கிலத்தில் 'செரூட்' என்றொரு சொல் உண்டு. நம் 'சுருட்டு'தான் கப்பலேறிப் போய் அப்படி ஆகிவிட்டது! சொல்லோடு சரக்கும் போனது. 1887-ல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலில், தரையில் கிடந்த சாம்பலைப் பார்த்தே இது திருச்சினாப்பள்ளிச் சுருட்டு என்று ஹோம்ஸ் கண்டுபிடிக்கிறார். சாம்பல் கறுப்பாக, செதில் செதிலாக இருந்ததாம்.

சுருட்டு சுற்றியது திருச்சி உறையூரில். இலையோ பெரும்பாலும் திண்டுக்கல் பக்கத்திலிருந்து வந்தது. சென்னை ஸ்பென்சர் கம்பெனி திண்டுக்கல்லிலேயே சுருட்டுத் தொழிற்சாலை நடத்தியது. 1948-ல் சுருட்டுப் புகையிலைக்கான ஆராய்ச்சி நிலையமும் அருகிலுள்ள வேடசந்தூரில்தான் அமைந்தது. ஆனாலும் பெயர் திருச்சிக்கே!

ஒரு சுருட்டுக்கு மூன்று வித இலை வேண்டும். உள்ளே வைப்பது ஒன்று, அதைச் சுற்றிப் பிடிப்பது ஒன்று, மேலே போர்த்துவது ஒன்று. செடியின் அடி இலை மெலிதாக இருக்கும். காரம் குறைவு, நன்றாக எரியும். நுனி இலை தடிப்பு. காரம் அதிகம், மெதுவாக எரியும். இரண்டையும் அளவறிந்து கலப்பதுதான் உள் இலையின் சூட்சுமம். மேல் இலைக்கு ஓட்டையோ தடித்த நரம்போ இருக்கக்கூடாது.

மண்ணும் தண்ணீரும் கூட முக்கியம். உப்புத் தண்ணீர் பாய்ந்த இலை சரியாக எரியாது, அணைந்து அணைந்து போகும். அது வெற்றிலையோடு மெல்லத்தான் ஆகும். நல்ல இலையையும் உடனே சுற்ற முடியாது. அம்பாரமாக அடுக்கினால் உள்ளே தானாகச் சூடு ஏறும். பிரித்துப் பிரித்து மாற்றி அடுக்கினால்தான் இலை பக்குவப்பட்டு நெடி குறையும்.

இத்தனையும் சரியாக அமைந்தால் லாபம் முதலாளிக்கு. தவறினால்? சுற்றுபவருக்கு எண்ணிக்கைக்குத்தான் கூலி. கொடுத்த இலை மோசமாக இருந்து சுருட்டைக் கழித்துவிட்டால் அன்றைய உழைப்பு யார் கணக்கு? 1966-ல் வந்த பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் இதையும் விடவில்லை. கொடுக்கும் மூலப்பொருள், கழிக்கப்படும் சரக்கு, அதற்கான கூலி ஆகியவற்றில் வரும் தகராறுகளைத் தீர்க்கத் தனி வழி வைத்தது. சட்டத்திலேயே எழுத வேண்டியிருந்தது என்றால் அந்தத் தகராறு எவ்வளவு சாதாரணமாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சிகரெட் பரவியதும் சுருட்டுத் தொழில் சுருங்கிவிட்டது. ஹோம்ஸ் சாம்பலை வைத்து ஊரைக் கண்டுபிடித்தார். அதைச் சுற்றிய கைகள் யாருடையவை என்று எந்தக் கதையும் கேட்கவில்லை.