ஆகமமா, ஐதிகமா? இரத்தோட்டையில் மண்சரிவு எச்சரிக்கையின் நம்பகம்

மணிமேகலையின் 27ஆம் காதை, ஒன்றை உண்மையென்று துணிவதற்கான அளவைகளைப் பத்தாக எண்ணுகிறது. அவற்றுள் இரண்டு பிறர் சொல்லைச் சார்ந்தவை. அறிந்தவர் நூலைக் கொண்டு ஏற்பது ஆகமம். இந்த மரத்தில் பேய் உண்டு என்று ஊர் சொல்ல, அதைத் தெளிவது ஐதிகம். முன்னதில் சொன்னவரைத் தேடிப் போகலாம். பின்னதில் தேட ஆளில்லை. மீமாம்சகர் ஏற்ற ஆறு அளவைகளில் ஐதிகத்துக்கு இடமில்லாமற் போனது இதனாற்றான் என்று கருதுகிறேன். இணையத் தகவலின் நம்பகத்தை ஆராய்வோர் பெரும்பாலும் பொய்ச் செய்தியையே எடுத்துக்கொள்கின்றனர். இலங்கை மலையகத்து இரத்தோட்டையில் அதைவிடக் கடினமான சிக்கல் இருக்கிறது. அங்கே மெய்ச் செய்தியே கைமாறும் வழியில் ஐதிகமாகிவிடுகிறது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையைக் கடந்தபோது, இரத்தோட்டையை அடுத்து, நக்கிள்ஸ் மலையோரக் கம்மடுவையில் ஒரே நாளில் ஏறத்தாழ 540 மில்லிமீட்டர் மழை பதிவானது. நாடெங்கும் 600 பேருக்கு மேல் இறந்தனர். மலையகத்தில் பலரை மண்சரிவே கொண்டுபோயிற்று. மண்சரிவு எச்சரிக்கையை வெளியிடுவது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டரைக் கடந்தால் மஞ்சள், 100ஐக் கடந்தால் செம்மஞ்சள், 150ஐக் கடந்தால் வெளியேறச் சொல்லும் சிவப்பு. அறிக்கையில் வெளியிட்ட நாளும் நேரமும், எதுவரை செல்லும் என்பதும், எந்தெந்தப் பிரதேச செயலகப் பிரிவுகளுக்கு என்பதும் இருக்கும். அதை ஆகமமாக்குபவை இந்த விவரங்களே. யாரோ பட்டியலை மட்டும் வெட்டியெடுத்து வாட்ஸ்அப்பில் போட்டால், இரத்தோட்டை என்ற பெயர் மிஞ்சும், நாள் போய்விடும். திங்கட்கிழமை உண்மையாயிருந்த வாசகம் வியாழக்கிழமையும் அதே சிவப்பு நிறத்தில் வந்து நிற்கும். பல கை மாறிய செய்தியை வாட்ஸ்அப் இரட்டை அம்புக்குறியால் காட்டுகிறது. கைகள் பல என்பதை அந்தக் குறி சொல்லும். முதலில் சொன்ன வாய் எது என்பதைச் சொல்லாது. மணிமேகலை ஐதிகம் என்றதற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

மூலம் அறுபடும் இன்னோர் இடம் மொழி. 1987இன் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆயினும் டித்வாவின்போது எச்சரிக்கைகள் உரிய நேரத்தில் தமிழில் கிடைக்கவில்லை என்ற குற்றச்சாட்டு எழுந்தது. சிங்களத்தில் வந்ததை யாரோ ஒருவர் குரற்பதிவாகத் தமிழில் சொல்லியனுப்ப, தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் இருப்பவர் அதைக் கேட்டே முடிவெடுக்க நேர்கிறது. சொல்பவர் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார். ஆனால் மஞ்சளுக்கும் செம்மஞ்சளுக்கும் இடையிலான வேறுபாடு 'கவனமாய் இருங்கள்' என்ற ஒரே தொடரில் கரைந்துபோகலாம். இத்தகைய நிலையில், செய்தியைச் சரிபார்க்கும் கடமையை வாசகரின் தலையில் மட்டும் கட்டுவது அநீதி. ஒப்பிட்டுப் பார்க்கத் தமிழில் மூலம் வேண்டாமா?

ஆராய்ந்துகொண்டிருக்க நேரமில்லை, ஐயமாயினும் ஓடிவிடுவதே மேல் என்று ஒருவர் மறுக்கலாம். ஒருமுறைக்கு அது சரி. நாட்சம்பளத்தை விட்டு, பிள்ளைகளோடு இரண்டுமுறை வீணே இறங்கிய குடும்பம் மூன்றாம் முறை மெய்யான சிவப்பையும் பழைய படமாகத்தான் பார்க்கும். மீரியபெத்தைத் தோட்டத்தில் நடந்தது இன்னொன்றையும் உணர்த்துகிறது. 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தைக்கு அருகே அந்தத் தோட்டத்து லயங்கள் மண்ணுள் புதைந்தன. அந்த இடம் ஆபத்தானது என்று எச்சரிக்கை வெளியிடும் இதே நிறுவனம் 2005இலும் 2011இலும் சொல்லியிருந்தது. அங்கே அறிவு குறைபடவில்லை. போக மாற்றிடமும் அனுப்பிவைக்கும் பொறுப்பும்தான் இல்லை.

பத்து அளவைகளுள் கருதல் என்னும் அனுமானத்தை மணிமேகலை விளக்கும் முறை இரத்தோட்டைக்கு நேரே உதவுகிறது. கருமேகம் கண்டு மழை வரும் எனல் முதல். வெள்ளம் கண்டு மலையில் மழை பெய்தது எனல் எச்சம். நிலத்தில் புதிய வெடிப்பு, சாயும் மரம், திடீரென்று கலங்கும் ஊற்று ஆகிய மண்சரிவு அறிகுறிகளும் எச்ச அறிவுக்குரியவை. அறிக்கை ஒரு பிரிவு முழுவதற்கும் ஒரே நிறம் தருகிறது. கம்மடுவையில் பெய்யும் மழை இரத்தோட்டை நகரில் அதே அளவில் பெய்யும் என்பதில்லை. ஆகவே ஆகமத்தையும் காண்டலால், அதாவது நேரே கண்டறிவதால், நிரப்ப வேண்டியிருக்கிறது. நேரான பக்கமும் தட்டையான அடியும் கொண்ட ஒரு பாத்திரத்தைக் கூரைநீரும் மரநீரும் விழாத வெளியில் வைத்து, ஒரே நேரத்தில் நாள்தோறும் அளவுகோலால் அளந்து நீரைக் கொட்டிவந்தால் 75, 100, 150 என்ற எண்கள் முற்றத்திலேயே தெரியும். அந்த அளவைக் கிராம உத்தியோகத்தருக்கோ 117 என்ற அனர்த்த முகாமைத்துவ எண்ணுக்கோ சொல்லும்போது, இதுவரை செய்தியைப் பெறுபவராக மட்டும் இருந்த தோட்டத்துப் பெண் அதன் மூலமாகிறார். அவரது சொல்லுக்கு ஆளும் இடமும் நேரமும் உண்டு.