ஊருக்குத் திரும்பியதும் விட்டுப்போன பழக்கம்

ஒரு கெட்ட பழக்கத்தை விட முடியாமல் தவிக்கிற ஆளைப் பற்றி எங்கட சனம் யோசிக்காமல் சொல்லும் தீர்ப்பு ஒன்று இருக்கு: "அவனுக்கு மனக்கட்டுப்பாடு இல்லை." சிகரெட் என்றாலும் இதுதான், சாராயம் என்றாலும் இதுதான், இரவு இரண்டு மணி வரைக்கும் ஃபோனைத் தடவிக்கொண்டு கிடந்தாலும் இதுதான். இந்தத் தீர்ப்பு எவ்வளவு தூரம் சரி என்று பார்க்க வரலாறு ஒருமுறை பெரிய வாய்ப்பொன்றைத் தந்தது. ஆரும் திட்டமிட்டுச் செய்த பரிசோதனை இல்லை அது. ஒரு யுத்தத்தின் கடைசி வருடங்களில் தானாக நடந்தது.

1971 மே மாதம், அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர்களான ரொபர்ட் ஸ்டீலும் மோர்கன் மேர்ஃபியும் ஒரு அறிக்கை கொடுத்தார்கள். வியட்நாமில் இருக்கும் தங்கள் படையினரில் 10 முதல் 15 வீதமானோர் ஹெரோயின் பாவிக்கிறார்கள் என்றது அது. ஜூன் 17ஆம் திகதி ஜனாதிபதி நிக்சன் போதைப்பொருள் பாவனையை நாட்டின் முதலாவது எதிரி என்று அறிவித்து, ஜெரோம் ஜஃபே என்ற மனநல மருத்துவரைப் பொறுப்பில் போட்டார். அப்போது வந்த விதி ரொம்பச் சிம்பிள்: சிறுநீர்ப் பரிசோதனையில் சுத்தம் என்று வந்தால்தான் ஊருக்குப் பிளேன். பிடிபட்டால் சில நாள் அங்கேயே மறித்துவைத்து, போதை இறங்கின பிறகுதான் அனுப்புவார்கள்.

சரி, அனுப்பின பிறகு? அதுதான் எல்லாருக்கும் பயம். அந்தப் பயத்துக்குக் காரணமும் இருந்தது. கென்டக்கி மாநிலத்தின் லெக்சிங்டனில் 1935இலிருந்து போதைக்கு அடிமையானவர்களுக்கென்றே ஒரு அரச வைத்தியசாலை நடந்தது. பாதி சிறை, பாதி பண்ணை. அங்கே மாதக்கணக்கில் சுத்தமாக இருந்து நியூயோர்க்குக்குத் திரும்பினவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வொன்று 1962இல் வெளிவந்தது. 90 வீதத்துக்கும் அதிகமானோர் பழையபடி அடிமையாகியிருந்தார்கள். அப்படிப் பார்த்தால் வியட்நாமிலிருந்து வரும் ஒவ்வொரு பிளேனும் அமெரிக்க நகரங்களுக்குள் நோயாளிகளைக் கொண்டுவந்து கொட்டப்போகிறது என்றுதானே கணக்குப் போடுவார்கள்?

சென் லூயிஸ் நகரின் வோஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சமூகவியலாளராக இருந்த லீ ரொபின்ஸ் என்ற பெண்மணியிடம் இதை ஆராயும் வேலை வந்தது. 1971 செப்டெம்பரில் வியட்நாமை விட்டு வந்த படையினரில் ஏறக்குறைய 900 பேரை அவருடைய குழு தேடிப்பிடித்து, அடுத்த வருடம் நேரில் பேட்டி கண்டது. பொய் சொல்லமாட்டாங்களா என்று நீங்கள் கேட்கலாம். பேட்டி முடிவில் சிறுநீரும் கேட்டு வாங்கினார்கள். இராணுவப் பதிவுகளோடும் ஒப்பிட்டார்கள். பதிவில் பிடிபட்டிருந்தவர்களில் கிட்டத்தட்ட எல்லோரும் பேட்டியில் மறைக்காமல் ஒத்துக்கொண்டிருந்தார்கள்.

வந்த எண்களை முதலில் ஆரும் நம்பவில்லை. வியட்நாமில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் அடிமையாகியிருந்தார். அடிமையானவர்களில் ஊருக்கு வந்து முதல் வருடத்துக்குள் திரும்ப அடிமையானவர்கள் 5 வீதம். மூன்று வருடத்தில் பார்த்தாலும் 12 வீதம். இவர்களில் சிகிச்சைக்குப் போனவர்கள் மிகக் குறைவு. இன்னொன்று, ஊருக்கு வந்து ஒரு தரமும் தொடவில்லை என்றும் இல்லை. பாதிப்பேர் தொட்டிருக்கிறார்கள். தொட்டும் பெரும்பாலானோர் பழையபடி விழவில்லை. 'ஒரு முறை தொட்டால் முடிஞ்சுது' என்று போஸ்டர் அடிக்கிறவர்களுக்கு இது பிடிக்காத செய்தி.

போர்க்களப் பயம்தான் அவர்களைத் தள்ளியது, பயம் போனதும் பழக்கமும் போனது என்று ஒரு விளக்கம் உடனே வாயில் வரும். நான் வாசித்தபோதும் அதைத்தான் எதிர்பார்த்தேன். ஆனால் பாவித்தவர்களில் அதிகமானோர் போய் இறங்கின முதல் இரண்டு மாதத்துக்குள், சண்டையைப் பெரிதாகக் காணும் முன்பே தொடங்கியிருந்தார்கள். சாமான் மலிவு, கலப்படம் குறைவு, சிகரெட்டுக்குள் வைத்து இழுக்கலாம், பக்கத்துக் கட்டில்காரனும் இழுக்கிறான். இவ்வளவுதான்.

இதற்கான திறப்பு உண்மையில் லெக்சிங்டனிலேயே கிடந்தது. அங்கே வேலை செய்த மருத்துவர் ஏப்ரஹாம் விக்லர் 1940களிலேயே ஒன்றைக் கவனித்திருந்தார். போதையை விட்டு மாதக்கணக்கான நோயாளிகள், குழுவாக இருந்து பழைய கதை பேசத் தொடங்கினால் கொட்டாவி விடுவார்கள், கண்ணிலும் மூக்கிலும் தண்ணி வடியும். மருந்து நிறுத்தின அன்றைக்கு வரும் அதே குறிகள். அப்போ பழைய தெரு, பழைய கூட்டாளி, விற்கிறவன் நிற்கிற மூலை இதெல்லாம் என்ன செய்யும்? பவ்லோவின் நாய்க்கு மணிச்சத்தம் செய்ததைத்தான். லெக்சிங்டன் நோயாளி வேறிடத்தில் விட்டுவிட்டு, பழகின இடத்துக்கே திரும்பிப் போனான். படைவீரன் வேறிடத்தில் பழகிவிட்டு, பழகாத வீட்டுக்கு வந்தான்.

பழக்கங்களை மாற்றுவது பற்றி எழுதப்படும் புத்தகங்கள் இந்தக் கதையை எடுத்து, "சூழலை மாற்றுங்கள், பழக்கம் மாறும்" என்று சுருக்கிவிடும். எனக்கு அதில் ஒரு எரிச்சல். அந்தப் பொடியன்களுக்கு அரசாங்கமே டிக்கெட் போட்டுக் கொடுத்தது. ஹார்லெமில் பிறந்து ஹார்லெமிலேயே அடிமையானவன் எந்த ஊருக்குத் திரும்புவான்? ஐஸ் பழக்கத்துக்காகப் புனர்வாழ்வுக்கு அனுப்பப்படும் எங்கட பொடியனும் ஆறு மாதம் கழித்து அதே ஒழுங்கைக்குத்தான் வாறான், அதே கூட்டாளிதான் கோல் எடுக்கிறான். திரும்ப விழுந்தால் மனக்கட்டுப்பாடு இல்லையாம்.

ரொபின்ஸின் முடிவுகள் வெளிவந்து கொஞ்ச நாளிலேயே, 1973இல், நியூயோர்க்கில் ஆளுநர் ரொக்கஃபெலர் புதுச் சட்டம் கொண்டுவந்தார். குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஹெரோயின் விற்றால் 15 வருடம் தொடக்கம் ஆயுள் வரை சிறை. ரொபின்ஸ் 1993இல் இந்த ஆய்வைத் திரும்பிப் பார்த்து ஒரு கட்டுரை எழுதினார். படைவீரர்கள் விட்டது ஒரு அதிசயமா, அல்லது வழமையாக எதிர்பார்க்க வேண்டியதா என்பதுதான் அதன் கேள்வி. வைத்தியசாலைக்கு வந்து சேர்ந்தவர்களை மட்டும் வைத்து எல்லோரையும் கணக்குப் போட்டால், தானாக விட்டுவிட்டுப் போனவர்கள் கண்ணில் படவே மாட்டார்கள் என்று அவர் அதில் வாதிட்டார்.