இதயத்தசை எல்லை வரைதல்

இதயத்தசை எல்லை வரைதல் என்பது மருத்துவப் படங்களில் இதயத்தசையின் உள், வெளி எல்லைகளைக் குறித்து அதனைப் பிற பகுதிகளிலிருந்து பிரித்துக் காட்டுவதாகும். இது பெரும்பாலும் எம்.ஆர்.ஐ. படங்களில் இடது கீழறையின் தசைக்குச் செய்யப்படுகிறது. மருத்துவர்கள் கையால் செய்துவந்த இப்பணிக்கு 2010களின் நடுப்பகுதியிலிருந்து ஆழக் கற்றல் முறை பரவலாகப் பயன்படுத்தப்படுகிறது.

பயன்கள்

படத்துண்டுகளில் குறிக்கப்பட்ட பரப்புகளைத் துண்டுகளின் இடைவெளியால் பெருக்கிக் கூட்டினால் தசையின் கனவளவு கிடைக்கும். அதனைத் தசையின் அடர்த்தியான 1.05 கிராம்/மி.லீ. ஆல் பெருக்கினால் நிறை கிடைக்கும். உள் எல்லைக்குள் அடங்கும் குருதியின் அளவு, இதயம் விரியும்போது 120 மி.லீ., சுருங்கும்போது 48 மி.லீ. எனில் வெளியேற்றப் பின்னம் 60% ஆகும்.

செயற்படும் முறை

2015 இல் ஜெர்மனியின் ஃபிரைபர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோனபெர்கர் குழுவினர் வெளியிட்ட யூ-நெட் என்னும் நரம்பணு வலையமைப்பு இத்துறையில் பெரிதும் பயன்படுகிறது. இதன் முதற்பாதி படத்தைப் படிப்படியாகச் சுருக்கி, படத்தில் உள்ளவை எவை என அறிகிறது. மறுபாதி அதனை மீண்டும் விரித்து, ஒவ்வொரு படப்புள்ளியும் தசையா, குருதியா, பிறவா என வகைப்படுத்துகிறது. சுருக்கும்போது இழக்கப்படும் நுண்விவரங்கள் இரு பாதிகளுக்கும் இடையேயுள்ள நேரடி இணைப்புகள் வழியே கிடைக்கின்றன. வல்லுநர்கள் எல்லை வரைந்த படங்களைக் கொண்டு வலையமைப்பு பயிற்றுவிக்கப்படுகிறது.

தரவுத்தொகுப்புகள்

2017 இல் நடைபெற்ற ஏ.சி.டி.சி. போட்டிக்காக, பிரான்சின் திஜோன் நகர மருத்துவமனையில் எடுக்கப்பட்ட 150 பேரின் படங்கள் தொகுக்கப்பட்டன. இவற்றுள் 100 பயிற்சிக்கும் 50 சோதனைக்கும் ஒதுக்கப்பட்டன. 2018 இல் இலண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் யூகே பயோபேங்க் தொகுப்பிலுள்ள 4,875 பேரின் படங்களைப் பயன்படுத்தி, வல்லுநர்களுக்கு இணையான துல்லியத்தை எட்டினர்.

குறைபாடுகள்

இரு வரைவுகளின் ஒற்றுமை டைசு கெழுவால் அளக்கப்படுகிறது. பொதுப்பரப்பின் இருமடங்கை இரு பரப்புகளின் கூட்டுத்தொகையால் வகுத்தால் இது கிடைக்கும்; முழு ஒற்றுமைக்கு மதிப்பு 1 ஆகும். ஆனால் இம்மதிப்பை மட்டும் நம்ப இயலாது. எடுத்துக்காட்டாக, உள் ஆரம் 16, வெளி ஆரம் 22 படப்புள்ளிகள் கொண்ட வளையத்தில் வெளி எல்லையை ஒரு புள்ளி உள்தள்ளி வரைந்தால் டைசு கெழு ஏறத்தாழ 0.90 ஆக இருக்கும். ஆயினும் பரப்பு 19% குறைந்துவிடும். எல்லாத் துண்டுகளிலும் இப்பிழை நேர்ந்தால், தடித்த இதயத்தசை உடையவர் நலமானவராகக் கணிக்கப்படக்கூடும்.

பயிற்சித் தரவில் இடம்பெறுவோரைப் பொறுத்தும் துல்லியம் மாறுபடும். யூகே பயோபேங்க் தொகுப்பில் பெரும்பான்மையோர் வெள்ளை இனத்தவர். இதன் 5,903 பேரின் படங்களைக் கொண்டு இலண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் 2021 இல் வெளியிட்ட ஆய்வில், சிறுபான்மை இனத்தவருக்குத் துல்லியம் குறைவாக இருந்தது. ஆண், பெண் எண்ணிக்கை சமநிலையில் இருந்ததால் பாலின அடிப்படையில் அத்தகைய வேறுபாடு காணப்படவில்லை. எனவே ஒரு நிரலை வேறு மக்களிடத்தில் பயன்படுத்துமுன், அம்மக்களின் படங்களைக் கொண்டே அதனைச் சோதித்தல் இன்றியமையாதது.