சிவப்புப் பள்ளிக்கு வந்தவர்கள்



போன வாரம் எங்கள் தரம் 9 பிள்ளைகளைப் புறக்கோட்டைக்கு வரலாற்றுச் சுற்றுலா கூட்டிப்போன படங்களைப் போட்டிருந்தேன். அயலில் உள்ள சிங்களப் பாடசாலைப் பிள்ளைகள் சிலரும் எங்களோடு வந்தார்கள். இரண்டாம் குறுக்குத் தெரு சிவப்புப் பள்ளிக்குள் எல்லோரும் நிற்கும் படத்தைப் பார்த்த ஒரு சகோதரர், "சேர், அவங்களை ஏன் உள்ளே விட்டீங்க?" என்று கேட்டார். நல்ல எண்ணத்தில்தான் கேட்டார். இரண்டு வரியில் பதில் சொல்ல முடியவில்லை, அதனால் இது கொஞ்சம் நீளம்.

அந்தப் பள்ளியின் முழுப்பெயர் ஜாமிஉல் அல்ஃபார். வாப்பா காலத்து ஆட்கள் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அவர்களுக்கு அது சம்மாங்கோட்டுப் பள்ளி. தென்னிந்தியக் கரையிலிருந்து சம்மான் என்ற படகுகளில் சரக்கேற்றி வந்த வியாபாரிகளைச் 'சம்மான்காரர்' என்றார்கள். ஹம்பாந்தோட்டையின் பெயரும் அந்தப் படகிலிருந்து வந்தது என்பார்கள். இன்று நம்மைத் திட்டுவதற்குச் சிலர் எடுக்கும் 'ஹம்பயா' என்ற சொல்லுக்கும் அதே படகுதான் மூலம். திட்டுபவருக்கும் அது தெரியாது, கேட்டுக் கூசுகிற நமக்கும் தெரியாது.

அந்த வியாபாரிகள்தான் 1908இல் வேலையைத் தொடங்கி 1909இல் பள்ளியை முடித்தார்கள். கடையை விட்டு அதிக நேரம் போக முடியாதவர்களுக்கு ஐந்து வேளையும் ஜும்ஆவும் தொழ ஓர் இடம் வேண்டும், நோக்கம் அவ்வளவுதான். வரைந்து கட்டியவர் ஹபீபு லெப்பை சாயிபு லெப்பை. கட்டடக்கலை படித்துப் பட்டம் பெற்றவர் அல்ல. வியாபாரிகள் காட்டிய இந்தியக் கட்டடங்களின் படங்களை வைத்துக்கொண்டு, சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு கோடாய், மாதுளம்பழம் போன்ற குவிமாடங்களோடு எழுப்பிவிட்டார். அதே 1909இல்தான் கோலாலம்பூரில் மஸ்ஜித் ஜாமிக்கும் திறக்கப்பட்டது. அதுவும் இதே மாதிரிக் கோடு போட்டது. அதை வரைந்தவர் ஓர் ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர். இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், நம்முடைய லெப்பை ஒன்றும் குறைந்துபோகவில்லை.

துறைமுகத்துக்கு வரும் மாலுமிகள் கடலில் இருந்தே இந்தக் குவிமாடங்களைப் பார்த்துக் கொழும்பை அடையாளம் கண்டார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. ஆரம்பத்தில் 1,500 பேர் தொழலாம். 1975இல் பக்கத்துக் காணிகளை வாங்கிப் பெருப்பித்தார்கள், இப்போது 10,000 பேர் கொள்ளும் என்கிறார்கள். ஆக, கட்டியவர்களே வந்தவர்கள்தான். இன்றைக்கும் தொழுகைக்கு அங்கே நிற்பவர்களில் எத்தனையோ பேர் கிண்ணியாவிலிருந்தோ மாவனல்லையிலிருந்தோ சாமான் எடுக்க வந்த முசாஃபிர்கள். ஸஃபில் மேமன் ஹனஃபி 'ஆமீன்' என்பதை மனதுக்குள் சொல்வார், பக்கத்தில் நம் ஷாஃபி சத்தமாகச் சொல்வார், மலாய்க்காரர் ஒருவர் இருவருக்கும் நடுவில் நிற்பார். ஸலாம் கொடுத்த பிறகு எல்லோரும் ஒரே அவசரத்தில் செருப்புத் தேடுவார்கள்.

இன்னும் பின்னால் போவோம். 1344இல் இப்னு பதூதா இங்கே வந்தார். புத்தளத்தில் இறங்கி, ஆரியச் சக்கரவர்த்தியின் உதவியோடு பாவா ஆதம் மலைக்குப் போய், திரும்பும் வழியில் கொழும்பையும் பார்த்தார். தீவின் அழகான பெரிய ஊர்களில் ஒன்று என்று எழுதியிருக்கிறார். எனக்கு முக்கியம் அவர் சொல்லும் இன்னொரு விஷயம். ஷெய்கு அபூ அப்துல்லாஹ் இப்னு கஃபீஃப் என்ற பெரியாரை முன்னிட்டு, இந்நாட்டு முஸ்லிமல்லாதோர் முஸ்லிம் பக்கீர்களை மதித்து, வீட்டுக்குள் தங்க வைத்து உணவும் கொடுத்தார்கள் என்கிறார். முதலில் கதவைத் திறந்து வைத்தவர்கள் யார் என்று சகோதரர் யோசித்துப் பார்க்கட்டும்.

எப்போதும் அப்படி இருந்ததா? இல்லை. பள்ளி கட்டி ஆறே வருடம், 1915 மே மாதக் கடைசியில் கண்டியில் மூண்ட கலவரம் சில நாட்களில் கொழும்புக்கும் வந்தது. அதிகம் அடிபட்டவை கரையோர முஸ்லிம்களின் கடைகள், அதாவது இந்தச் சம்மான்காரர்களின் கடைகள். பிறகு 2019. ஈஸ்டர் குண்டுகளுக்குப் பின் வந்த முதல் வெள்ளி ஏப்ரல் 26. ஜும்ஆவுக்குப் போகாமல் வீட்டிலேயே தொழும்படி ஜம்இய்யத்துல் உலமா கேட்டுக்கொண்டது. நான் அன்றைக்கு வீட்டு வாசலில் உட்கார்ந்து நாலு ரக்அத் லுஹரை நினைத்து அழுதேன், சொல்ல வெட்கம் இல்லை. பள்ளிக்குள்ளே என்ன நடக்கிறது என்று அயலவர்கள் கேட்ட நாட்கள் அவை. உள்ளே போயே பார்த்திராதவர்கள் வேறு என்ன கேட்பார்கள்?

எங்களோடு வந்த ஒரு சிங்களப் பிள்ளை, தலைத்துணியைப் பிடித்துக்கொண்டு, "சேர், கதிரை இல்லையா? பெரியவர்கள் எங்கே உட்காருவார்கள்?" என்று கேட்டது. தொழுகை முடிந்து ஒரு நாட்டாமி வேர்த்த சேர்ட்டோடு ஒரு கடை முதலாளிக்குப் பக்கத்திலிருந்து எழும்பினார். அவரைக் காட்டி விளக்கினேன். பிள்ளை கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அந்த முதலாளிக்குக் கோபம் வராதா?" என்றது. எங்கள் பிள்ளைகள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, என் முப்பது வருட வகுப்பில் இப்படி ஒரு கேள்வி வந்ததில்லை.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். பல வருடத்துக்கு முன், உம்மாவோடு தூரப் பயணம் போகும்போது அஸர் தவறப் பார்த்தது. வழியில் ஒரு பள்ளியில் பெண்களுக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். உம்மா வேனுக்குள் இருந்தபடியே தொழுதார். வெள்ளைக்காரப் பெண்ணுக்குப் போர்வை கொடுத்து உள்ளே விடுகிறோம், சந்தோஷம். நம் உம்மாமாருக்கு வுழூ செய்ய ஒரு பைப்பும் ஓர் அறையும் எத்தனை பள்ளிகளில் இருக்கிறது? நிர்வாக சபையினர் சிலர் இதைப் படிப்பீர்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

சிவப்புப் பள்ளியின் பழைய படமோ, சம்மான்காரர் கடை ரசீதோ, கணக்குப் புத்தகமோ உங்கள் வீட்டுப் பெட்டிகளில் இருந்தால் எறிந்துவிட வேண்டாம். படம் பிடித்து எனக்கு அனுப்புங்கள். அடுத்த தவணை அந்த இரண்டு பாடசாலைப் பிள்ளைகளுக்கும் காட்ட வேண்டும்.